இரண்டாவது ஷிஃப்டுக்கு விட்டுப்போகும் லேத்

கோயம்புத்தூர் கணபதியில் நான் செட்டராக, அதாவது மற்றவர்கள் ஓட்டுவதற்கு மெஷினைத் தயார்செய்து கொடுப்பவராக, வேலை பார்த்த பட்டறையில் காலை ஷிஃப்ட் இரண்டரை மணிக்கு முடியும். இரண்டு மணி ஆனதுமே சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவேன். வீட்டுக்குப் போகிற அவசரம் அதற்குக் காரணமில்லை. காலையிலிருந்து நான் கட்டிவைத்த டூல்களையும் (வெட்டும் உளிகள்) நிறுத்திவைத்த ஸ்டாப்புகளையும் (நகர்வு முட்டி நிற்கும் தடைகள்) நம்பி அடுத்த எட்டு மணி நேரம் இன்னொருவர் அந்த லேத்தை, இரும்பைச் சுழலவிட்டுச் சீவும் கடைசல் இயந்திரத்தை, ஓட்டப் போகிறார். இந்த டூல் ஏன் இந்த உயரத்தில் இருக்கிறது, இந்த ஸ்டாப் ஏன் இந்த இடத்தில் நிற்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெரியாமல் ஓட்டினாலும் அவர் கை பத்திரமாக இருக்க வேண்டும். இருநூறாவது ஜாப்பும் (லேத்தில் கடையும் துண்டு) முதல் ஜாப்பைப் போலவே வர வேண்டும். லேத் ஓட்டும் டர்னர் தன் மெஷினில் இருக்கும் குறையைக் கைப்பழக்கத்தால் சமாளித்துக்கொள்வார். செட்டருக்கு அந்த வசதி கிடையாது. கைப்பழக்கத்தை அடுத்த ஷிஃப்டுக்கு எழுதிக்கொடுக்க முடியாது.

பம்புசெட்டுத் தொழிலை நம்பியிருக்கும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் கையால் ஓட்டும் லேத்துகள் இன்னும் இரண்டு வகையில் இருக்கின்றன. ஒன்று, ஐ.டி.ஐ.யில் எல்லோரும் முதலில் தொட்டுப் பழகும் சென்டர் லேத். பெங்களூரில் 1953-இல் தொடங்கப்பட்ட எச்.எம்.டி.யின் லேத்துகளும், ஹரிஹரில் செய்யப்பட்ட கிர்லோஸ்கர் லேத்துகளும், உள்ளூர்த் தயாரிப்பான பி.எஸ்.ஜி. லேத்துகளும், பஞ்சாபின் பட்டாலாவிலிருந்து லாரியில் வந்திறங்கியவையும் இதில் அடங்கும். மற்றொன்று, ஒரே ஜாப்பை நூற்றுக்கணக்கில் அடிப்பதற்கான கேப்ஸ்டன் லேத். அதில், சென்டர் லேத்தில் ஜாப்பின் மறுமுனையைத் தாங்கும் டெயில் ஸ்டாக் இருக்கும் இடத்தில், டூல்களைக் கட்டும் ஆறு முகமுள்ள டரட் நிற்கும். ஒரு முகத்தின் வேலை முடிந்து ஸ்லைடைப் பின்னால் இழுத்தால் அடுத்த முகம் தானாகத் திரும்பி முன்னே வரும். கணினி ஓட்டும் சி.என்.சி. வந்த பிறகு இவற்றுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், இருநூறு புஷ்ஷுக்கும் (துளையுள்ள உருளை) முந்நூறு ஷாஃப்டுக்கும் (சுழலும் தண்டு) ஆர்டர் எடுத்து மாதச் சம்பளம் போடும் பட்டறைக்குள் வந்து பார்த்தவர்களாக இருக்க மாட்டார்கள்.

நான் முதன்முதலாகப் பொறுப்பேற்ற சென்டர் லேத்தைக் கூரை ஒழுகுகிறது என்று வேறொரு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். நான்கு பேர் கடப்பாரையும் இரும்புக் குழாயும் வைத்து உருட்டிக்கொண்டு வந்து இறக்கினார்கள். ஒரு பக்கம் லேசாக ஆடியது. எண்ணெய் டின்னிலிருந்து வெட்டிய தகரத்துண்டு ஒன்றை டெயில் ஸ்டாக் பக்கத்துப் பின்பாதத்தின் கீழே செருகினார்கள். ஆட்டம் நின்றது. நின்றதும் எல்லோரும் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள், நான் உட்பட.

வந்திருந்த ஆர்டர் 300 ஷாஃப்ட். புஷ் உட்காரும் இடத்தின் விட்டம் 30 மி.மீ., நீளம் 180 மி.மீ. விட்டம் 30-ஐத் தாண்டக் கூடாது, 0.033 வரை குறையலாம். முதல் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தபோது, ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் பக்கம் 29.98, டெயில் ஸ்டாக் பக்கம் 30.02 என்று காட்டியது. 0.04 டேப்பர், அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு விட்டத்தில் வரும் வித்தியாசம். ஐ.டி.ஐ.யில் சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது: டெயில் ஸ்டாக்கிலிருந்து சென்டர் என்ற கூர்முனையைக் கொடுத்து ஓட்டும் ஜாப்பில் டேப்பர் வந்தால் டெயில் ஸ்டாக்கைச் சரிசெய்ய வேண்டும். ஷாஃப்டின் மொத்த நீளம் 450 மி.மீ. என்பதால் முழு நீளத்துக்கு டேப்பர் 0.10 ஆகிறது, டெயில் ஸ்டாக் நகரும் தூரத்தைப் போல இரண்டு மடங்கு விட்டத்தில் தெரியும் என்பதால் அதில் பாதி, அதாவது 0.05 மி.மீ., என்னை நோக்கி நகர்த்தினேன். சிறு நகர்வையும் ஊசியால் காட்டும் டயல் வைத்துத்தான் நகர்த்தினேன். அடுத்த ஷாஃப்ட் இரண்டு முனையிலும் 29.985 வந்தது. அன்று சாயங்காலம் எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாவது நாள் அதே லேத்தில் புஷ் போர் செய்யும், அதாவது உள்துளையைக் கடையும், வேலை வந்தது. சக்கில் மட்டும் பிடித்து ஓட்டுகிற சிறிய ஜாப். டெயில் ஸ்டாக்குக்கு அதில் வேலையே இல்லை. 60 மி.மீ. நீளத் துளையில் வாய்ப்பக்கம் 0.015 பெரிதாக வந்தது. போரிங் பார் வளைகிறதென்று நினைத்துத் தடித்த பார் போட்டேன். டூலைத் தீட்டினேன். டூல் முன்னேறும் அளவான ஃபீடைக் குறைத்தேன். 0.015 அப்படியே இருந்தது. வேறு வழியில்லாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். முப்பது வருடம் லேத்திலேயே நின்றவர். ஷாஃப்ட் கதையையும் சேர்த்துச் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "டெயில் ஸ்டாக்க எதுக்குக் கண்ணு நகர்த்துன? அது என்ன பண்ணுச்சு?"

அவர் தன் அலமாரியிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஃபிளானல் துணியில் சுற்றிய ஸ்பிரிட் லெவல். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்துக்கு இது தூரத்துச் சொந்தம் மட்டுமே. ஒரு மீட்டர் நீளச் சட்டத்தின் ஒரு முனையின் கீழே 0.02 மி.மீ. கனமுள்ள தகட்டை வைத்தால் இதன் குமிழி ஒரு கோடு நகரும். அவர் முதலில் திருப்பூர் பனியன் வேஸ்ட்டால் பெட்டை, லேத்தின் மற்ற பாகங்கள் உட்கார்ந்திருக்கும் நீண்ட அடித்தளத்தை, துடைத்தார். பிறகு துணியை எறிந்துவிட்டு உள்ளங்கையால் துடைத்தார். துணிக்குத் தெரியாத பிசிறு தோலுக்குத் தெரியும். விரல் நுனியால் தடவித் தடவி ஓரிடத்தில் நின்று, எண்ணெய்க்கல்லை எடுத்து இரண்டு தேய்ப்புத் தேய்த்தார். பெட்டின் குறுக்காக, சக்கைச் சுழற்றும் ஹெட் ஸ்டாக்கின் அருகில், லெவலை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். குமிழி அடங்க அரை நிமிடம் ஆயிற்று. கோட்டைப் படித்தார். லெவலைத் தூக்கித் திருப்பி முன்முனை பின்முனையாக வைத்து மறுபடியும் படித்தார். "மொதல்ல இது பொய் சொல்லுதான்னு பாக்கோணும்," என்றார். பிறகு அதே லெவலை டெயில் ஸ்டாக் பக்கம் கொண்டுபோய்க் குறுக்காக வைத்தார். குமிழி ஓர் ஓரத்துக்கு ஓடி, கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது போல அங்கேயே நின்றுவிட்டது.

ஈரத்துணியைப் பிழிவது போல பெட் முறுக்கிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் எல்லாம் பொருந்தியது. தகரத்தின் கனம் 0.3 மி.மீ.; முன்பாதத்துக்கும் பின்பாதத்துக்கும் இடைவெளி 400; பெட்டிலிருந்து சென்டர் உயரம் 200. பின்பாதம் 0.3 உயர்ந்தால் அந்த முனையில் டூலின் நுனி ஜாப்பைவிட்டு 0.15 விலகும், விட்டத்தில் அது 0.30. பெட்டின் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு 0.30 என்றால் 180 மி.மீ. நீளத்துக்கு ஏறத்தாழ 0.04. ஒரு டின் தகரம் ஷாஃப்டில் எழுதிய கையெழுத்து அது. நான் டெயில் ஸ்டாக்கை நகர்த்தியது, கோணலாக நின்ற தண்டவாளத்துக்கு ஏற்றபடி ஸ்டேஷனைக் கோணலாகக் கட்டியது மாதிரி. 450 நீளத்து ஷாஃப்டுக்கு அது பொருந்திவிட்டது. வேறு எதற்கும் பொருந்தவில்லை.

இதில் பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. லேத் பூமிக்குச் சமமாக நிற்க வேண்டும் என்பது இரண்டாம்பட்சம்தான். அலையில் ஆடும் கப்பலுக்குள்ளும் லேத் ஓடுகிறது. அங்கே எந்தக் குமிழி அசையாமல் நிற்கும்? தேவை, இரண்டு முனையிலும் ஒரே அளவு காட்ட வேண்டும் என்பதே. ஹெட் ஸ்டாக் பக்கம் இரண்டு கோடு முன்னே சாய்ந்திருந்தால் டெயில் ஸ்டாக் பக்கமும் இரண்டு கோடு முன்னே சாய்ந்திருக்கட்டும், பெட் நேராகத்தான் இருக்கிறது. இருந்தாலும் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது நல்ல பழக்கம். அடுத்த முறை பார்க்கும்போது மாறியிருக்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும், கூலண்டும் போக வேண்டிய பக்கம் வடியும்.

தகரத்தைப் பிடுங்கி எறிந்தோம். நான்கு பாதங்களின் கீழும் லெவலிங் திருகுக்கு இரும்புத் தட்டு வைத்து, கால் திருப்பு, அரைக்கால் திருப்பு என்று அரை நாள் போயிற்று. ஃபவுண்டேஷன் போல்ட்டை முடுக்கியதும் குமிழி மறுபடியும் நகர்ந்தது. போல்ட்டை முடுக்கிய பிறகு படிக்கும் அளவுதான் அளவு. மறுநாள் காலை திரும்பப் பார்த்தோம், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்த்தோம். புதுக் கான்கிரீட்டில் நிறுத்திய மெஷினாக இருந்தால் இன்னும் பல முறை பார்க்க வேண்டியிருக்கும்.

லெவல் சொல்வதை ஜாப்பில் உறுதிசெய்யாமல் மேஸ்திரி விடவில்லை. 50 மி.மீ. தடிமனுள்ள ராடைச் சக்கில் பிடித்து 200 மி.மீ. வெளியே விட்டு, சென்டர் கொடுக்காமல், நடுப்பகுதியைக் குறைத்து இரண்டு முனையிலும் ஒவ்வொரு வளையம் மட்டும் நிற்க விட்டோம். டூலை நன்றாகத் தீட்டி, அதைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடைத் தொடாமல், 0.1 மி.மீ. ஆழத்தில் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் எடுத்தோம். வெளி வளையம் பெரிதாக இருந்தால் டெயில் ஸ்டாக் பக்கத்து முன்பாதத்தைச் சற்று உயர்த்த வேண்டும். சிறிதாக இருந்தால் தாழ்த்த வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் நான் நகர்த்திய டெயில் ஸ்டாக்கின் முறை வந்தது. இரண்டு சென்டருக்கும் நடுவே சோதனைக்கென்றே உள்ள டெஸ்ட் பாரை மாட்டி, டூலைச் சுமந்து நகரும் சேடிலில் டயலைக் கட்டி நீளவாக்கில் ஓட்டி, ஊசி அசையாத இடத்துக்குக் கொண்டுவந்தோம். இந்த வரிசை மாறவே கூடாது: பாதம், பெட், ஹெட் ஸ்டாக், கடைசியாக டெயில் ஸ்டாக். கீழே இருக்கும் பிழையை மேலே இருப்பதை நகர்த்தி மறைத்தால், அது மறைந்திருக்கும் காலமெல்லாம் வட்டியோடு வளரும்.

ஜெர்மனியில் கியோர்க் ஷ்லெசிங்கர் என்ற பொறியாளர் 1920-களில் மெஷின் டூல்களைச் சோதிப்பதற்கான அட்டவணைகளை வகுத்தார். இன்று லேத் வாங்கும்போது கூட வருகிற சோதனைத் தாள்களுக்கு அவை முன்னோடி. அந்த மரபில் எனக்கு மிகவும் பிடித்தது, பிழைக்கும் ஒரு திசையை விதித்திருப்பது. ஹெட் ஸ்டாக்கில் சுழலும் தண்டான ஸ்பிண்டிலில் மாட்டிய டெஸ்ட் பாரின் வெளிமுனை மேலே உயரலாம், தாழக் கூடாது; டூல் இருக்கும் பக்கம் சாயலாம், எதிர்ப்பக்கம் சாயக் கூடாது. ஜாப்பின் எடை கீழே இழுக்கும், டூலின் அழுத்தம் பின்னால் தள்ளும். மெஷின் தேயத் தேயப் பிழை குறைகிற திசையிலேயே அதை முதலில் விட்டுவைக்கிறார்கள். நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்து இன்றைக்கு நிறுத்துவது. செட்டிங் என்ற வேலைக்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

டூல் கட்டுவது எல்லோரும் அறிந்ததுதான். ஒன்றை மட்டும் சொல்கிறேன். நுனி சென்டர் உயரத்தில் இருக்கிறதா என்று பார்க்க, ஸ்பிண்டில் நின்றிருக்கும்போது உருண்டை ஜாப்புக்கும் டூலின் நுனிக்கும் இடையே மெல்லிய ஸ்டீல் ஸ்கேலை வைத்து, அது விழாத அளவுக்கு மட்டும் டூலை முன்னே கொண்டுவருவேன். ஸ்கேல் செங்குத்தாக நின்றால் உயரம் சரி. ஸ்கேலின் தலை என்னை நோக்கிச் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. ஜாப்பை நோக்கிச் சாய்ந்தால் உயர்ந்திருக்கிறது. அழுத்தினால் கார்பைட் நுனி உதிர்ந்துவிடும் என்பதால் கை பூவைத் தொடுகிற மாதிரி இருக்க வேண்டும். பேக்கிங் தகடுகள் எண்ணிக்கையில் குறைவாகவும் டூலின் முழு அடிப்பாகத்தையும் தாங்குவதாகவும் இருக்கட்டும். டூல் போஸ்ட்டிலிருந்து டூல் நீட்டிக்கொண்டிருக்கும் அளவும் அப்படித்தான். தேவைக்கு மேல் நீண்ட டூல் அதிரும். அதிர்கிற டூல் ஜாப்பைக் கெடுக்கும், கடித்துக்கொண்டால் ஜாப்பையே சக்கிலிருந்து பிடுங்கும். துல்லியத்துக்குத் தனியாக ஒரு செட்டிங், பாதுகாப்புக்குத் தனியாக ஒரு செட்டிங் என்று இரண்டு கிடையாது என்பதை இதில்தான் முதலில் உணர்ந்தேன்.

மூன்று தாடைச் சக்கில் தாடைகளை நகர்த்தும் ஸ்க்ரோல் தேய்ந்திருந்தால் ஜாப் மையம் விலகிச் சுழல்வது 0.1 மி.மீ. வரை போகும். ஒரு பக்கம் முடித்த ஜாப்பைத் திருப்பிப் பிடித்து மறுபக்கம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே மையத்தில் வராது. நான்கு தாடைச் சக்கில் டயல் வைத்து, காட்டுகிற வித்தியாசத்தில் பாதியை எதிரெதிர்த் தாடைகளில் மாற்றி மாற்றித் தள்ளி 0.01-க்குள் கொண்டுவரலாம், ஒன்றிரண்டு ஜாப்புக்கு அது சரி, முந்நூறுக்கு ஆகாது. அதற்கு வழி சாஃப்ட் ஜா, அதாவது வேண்டிய அளவுக்குக் கடைந்துகொள்ளக்கூடிய மென்மையான தாடை. தாடைகளுக்குள் ஒரு வளையத்தை வைத்து, ஜாப்பைப் பிடிக்கும்போது முடுக்குகிற அதே திசையில் முடுக்கி, அந்த நிலையிலேயே ஜாப்பின் விட்டத்துக்குத் தாடைகளைப் போர் செய்துவிட வேண்டும். அந்த சக்கில், அந்த லேத்தில், அந்த ஜாப்புக்கு மட்டும் அவை உண்மையாக இருக்கும். சக்கைக் கழற்றி மாட்டினால் மறுபடியும் லேசாக ஒரு ஓட்டம் எடுத்தாக வேண்டும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு, இரண்டாவது ஷிஃப்டில் ஒவ்வொரு ஜாப்பையும் சுத்தியலால் தட்டி மையத்துக்குக் கொண்டுவர வைத்த செட்டர்களை எனக்குத் தெரியும்.

சக்கின் தாடைகளை முடுக்கும் சக் கீயைப் பற்றி எழுதாமல் லேத்தைப் பற்றி எழுத முடியாது. சக்கில் கீயை விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் அது பறந்துவந்து அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் விடுகிறார்கள். எங்கள் பட்டறையில் கடைசியில் பலன் தந்தது எச்சரிக்கைப் பலகை இல்லை, கை எடுத்ததும் கீயைத் தானே வெளியே தள்ளிவிடும் ஸ்பிரிங் வைத்த கீதான். ஒருவருடைய நினைவாற்றலை நம்பிச் செய்த ஏற்பாடு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வேலை செய்யாது.

இனி கேப்ஸ்டன். இது என் சொந்தத் தவறு. 12 மி.மீ. ராடில் மரையுள்ள சிறிய ஸ்டட் அடிக்கும் வேலை. முதல் முகத்தில் ராடின் நீளத்துக்கான ஸ்டாப், இரண்டாவதில் விட்டத்தைக் குறைக்கும் பாக்ஸ் டூல், மூன்றாவதில் முனை விளிம்பைச் சரிக்கும் சேம்ஃபர், நான்காவதில் மரை வெட்டும் டை ஹெட், பிறகு பின்பக்க டூல் போஸ்டில் துண்டை அறுத்தெடுக்கும் பார்ட்டிங். வரிசையை அமைத்து, ஒவ்வொரு முகத்தின் ஸ்டாப் திருகையும் நிறுத்தி முடிக்கப் பத்தரை ஆகிவிட்டது. ராடை ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டியிருந்தோம்; ஹெட் ஸ்டாக்குக்குப் பின்னால் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டிக்கொண்டிருந்தது. ராடு சுழல வேண்டிய குழாய்த் தாங்கி மூலையில் கிடந்தது. ஒரே நாள் வேலைக்கு அதை எதற்குக் கட்டுவது என்று விட்டுவிட்டேன். நிமிடத்துக்கு 250 சுற்றில் ஓட்டிப் பார்த்தேன். ராடு கோடு போட்டது போல அமைதியாகச் சுழன்றது. ஹை ஸ்பீடு ஸ்டீல் டூலுக்கு மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 30 மீட்டர் என்று வைத்தால் 12 மி.மீ. விட்டத்துக்கு ஏறத்தாழ 800 சுற்று வரும். கணக்கு சரி. லீவரை 800-க்கு மாற்றி கிளட்சைப் போட்டேன்.

சத்தம்தான் முதலில் வந்தது, விசிறி இறக்கை காற்றை அடிப்பது போல. திரும்பிப் பார்ப்பதற்குள் ராடின் பின்பாதி செங்கோணமாக மடங்கி, தரையையும் தகர டிரம்மையும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தது. எமர்ஜென்சி சுவிட்சை அடித்து ஸ்பிண்டில் நிற்பதற்குள் டிரம் நசுங்கி, தண்ணீர்க் குடம் உடைந்து, சுவரில் பூச்சு உதிர்ந்திருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்து பர்ர் (விளிம்பில் நிற்கும் பிசிறு) எடுக்கிற தம்பி டீ வாங்கப் போயிருந்தான். அவன் டம்ளர்களோடு திரும்பி வந்து உடைந்த குடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தாங்கல் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் ராடுக்கு அதன் நீளத்தையும் தடிமனையும் பொறுத்து ஒரு வேகம் உண்டு. அதற்குக் கீழே ஒன்றும் தெரியாது. அதை நெருங்கும்போது மையம் விலகி, விலகியதாலேயே இன்னும் வெளியே இழுக்கப்பட்டு, கண் இமைப்பதற்குள் மடங்கிவிடும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 250-இல் அமைதியாக ஓடியது 800-க்குச் சாட்சி சொல்லாது. பிற்பாடு 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தைப் புரட்டியபோது வெட்கமாகிவிட்டது. 21-ஆம் பிரிவில், வேலி கட்டியே தீர வேண்டிய மெஷின் பாகங்களின் வரிசையில், லேத்தின் ஹெட் ஸ்டாக்குக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ராடைத் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார்கள். யாரோ எங்கோ அடிபட்ட பிறகுதான் அந்த வரி சட்டத்தில் ஏறியிருக்க வேண்டும். அடுத்த பிரிவு, ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைச் சோதிக்கவோ அதற்கு எண்ணெய் விடவோ போகிறவர் இறுக்கமான உடை அணிந்திருக்க வேண்டும் என்றது. தொங்கும் சட்டைக் கையும் கழுத்துத் துண்டும் மட்டுமல்ல, பிசிறு கிழிக்கிறது என்று மாட்டிக்கொள்ளும் கையுறையும் சுழலும் ஜாப்பின் அருகே ஆகாது. தோல் கிழிந்தால் தையல் போடலாம். கையுறை சுற்றிக்கொண்டால் கை கூடவே போகும். சுருள் பிசிறை இழுக்கக் கொக்கிக் கம்பி இருக்கிறது. எமரித் தாளை விரலில் சுற்றிப் பிடிக்கும் பழக்கத்தையும் அதே காரணத்துக்காக நான் அனுமதித்ததில்லை.

கேப்ஸ்டனில் வெளியே தெரியாத ஓர் ஆபத்து டரட் திரும்பும்போது இருக்கிறது. ஸ்லைடை இழுக்கிறவர் பார்வை ஜாப்பில் இருக்கும். அவர் வயிற்றுக்கு நேராக நீண்ட டிரில் ஒன்று சுற்றிக்கொண்டு வரும். நீளமான டூல்களை அடுத்தடுத்த முகங்களில் கட்டாமல் முடிந்தவரை பிரித்துக் கட்டுவதும், செட்டிங் முடியும்வரை டிரில் நுனியில் ரப்பர்க் குழாய்த் துண்டை மாட்டிவைப்பதும் நான் கற்றுக்கொண்ட பாடங்கள். முதல் தடவை முன்கையில் கீறியபோதே கற்றேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். இரண்டாவது தடவையில்தான் கற்றேன்.

2012-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இன்னொன்று புரிந்தது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாது. டூல் ஜாப்புக்குள் இருக்கும்போதே ஸ்பிண்டில் நின்றுவிடும். பக்கத்துப் பட்டறையில் ஒரு லேத்துக்குச் சாதாரண சுவிட்ச் போட்டிருந்தார்கள்; கரண்ட் திரும்பியதும் லேத் தானாக ஓடத் தொடங்கியது, அந்த நேரத்தில் ஒருவர் சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். நகத்தோடு போயிற்று. கரண்ட் போனதும் விட்டுக்கொடுத்துவிட்டு, மறுபடியும் பச்சைப் பட்டனை அழுத்தினால் மட்டுமே பிடிக்கிற நோ வோல்ட் காயில் உள்ள ஸ்டார்ட்டர் ஒன்றும் விலை உயர்ந்த பொருள் இல்லை. அதன் பிறகு, கரண்ட் போனால் முதலில் டூலைக் கையால் பின்னே இழு, பிறகு ஃபீட் லீவரை நியூட்ரலில் போடு, அதற்கப்புறம் சீட்டில் உட்கார் என்று எல்லா மெஷினிலும் எழுதி ஒட்டினேன்.

அளவைப் பற்றி இரண்டு வார்த்தை. கிராஸ் ஸ்லைடின் டயலை எப்போதும் ஒரே திசையிலிருந்து கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னே போய்த் திரும்ப வர வேண்டும், இல்லையென்றால் திருகின் தளர்ச்சி அளவில் ஏறிவிடும். அந்த டயல் ஆரத்தைக் காட்டுகிறதா விட்டத்தைக் காட்டுகிறதா என்பது மெஷினுக்கு மெஷின் மாறும் என்பதால் கைச்சக்கரத்தின் மேலேயே பெயிண்டால் எழுதிவிடுவேன். அடுத்தது சூடு. 25 மி.மீ. பேரிங் சீட்டுக்கு +0.002 முதல் +0.015 வரை என்று டிராயிங்கில் இருந்தால் விளையாட இருக்கும் இடம் 0.013 மட்டும். டூலிலிருந்து அப்போதுதான் வந்த ஷாஃப்ட் மைக்ரோமீட்டரைவிட 40 டிகிரி சூடாக இருந்தால் அது 0.0115 பெரிதாகக் காட்டும். சூட்டில் சரியாக இருந்த ஷாஃப்ட் ஆறியதும் குறைந்துபோகும், பேரிங் கையாலேயே நுழையும். மெஷினும் சூடாகும். காலை எட்டு மணிக்கு நிறுத்திய அளவு ஹெட் ஸ்டாக் சூடேறிய பத்து மணிக்கு அப்படியே இருக்காது. ஆகவே அரை மணி நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் முதல் ஜாப்பை எடுப்பேன். முதலாளி பார்த்தால் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவார், பேசட்டும்.

முதல் ஜாப்பை நானே ஓட்டி அளந்தால் அது செட்டிங் சரி என்பதற்குப் பாதிச் சாட்சிதான். ஓட்டப் போகிறவரை நிறுத்தி, நான் கையைக் கட்டிக்கொண்டு, ஐந்து ஜாப் அவரை ஓட்டச் சொல்வேன். அவர் ஸ்டாப்பில் எவ்வளவு வேகமாக முட்டுகிறார், லீவரை எட்டிப் பிடிக்கக் கை எதன் மேலாகப் போகிறது, பிசிறு எந்தப் பக்கம் பறக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். என்னைவிட ஒரு சாண் உயரம் குறைந்தவர் ஒருவர், கிளட்ச் லீவரைத் தொடச் சக்கின் முன்னால் சாய்வதை அப்படித்தான் கண்டுபிடித்தேன். லீவரில் ஒரு குழாயைப் பற்றவைத்து நீட்டியதும் சரியாயிற்று. நான் ஓட்டிய நூறு ஜாப்பிலும் அது தெரிந்திருக்காது. ஐந்தையும் ஆறவிட்டு அளந்து, கார்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, எத்தனை ஜாப்புக்கு ஒரு முறை அளக்க வேண்டும், எந்த அளவு வந்தால் டூலை மாற்ற வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதித் தொங்கவிடுவேன்.

மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் இருந்தது. லெவல் பார்த்து முடித்ததும் ஹெட் ஸ்டாக்குக் கீழே இருக்கும் கியர்ப் பெட்டிக் கதவைத் திறந்து, உட்பக்கத்தில் பெயிண்டால் தேதியும் இரண்டு எண்ணும் எழுதுவார்: ஹெட் ஸ்டாக் பக்கம் எத்தனை கோடு, டெயில் ஸ்டாக் பக்கம் எத்தனை கோடு. அவர் ஓய்வுபெற்ற பிறகு அதே வரிசையில் நானும் எழுதி வந்தேன். பட்டறையை மூடியபோது அந்த லேத்தைச் சூலூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். இரண்டு மாதம் கழித்துப் போன் செய்தார்.

"ஏனுங்கண்ணா, கதவுக்கு உள்ள என்னமோ நம்பரா எழுதியிருக்குதுங்களே, பழைய கணக்குங்களா? அழிச்சுட்டுப் பெயிண்ட் அடிச்சுறட்டுங்களா?"

லேத்தை இறக்கிய பிறகு லெவல் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஆடவில்லை, நன்றாகத்தான் நிற்கிறது என்றார். பாதத்தின் கீழே ஏதாவது செருகியிருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர், டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "ஒரு தகரம் இருக்குதுங்கண்ணா," என்றார். ஞாயிற்றுக்கிழமை லெவலை எடுத்துக்கொண்டு வருகிறேன், பெயிண்ட் மட்டும் வாங்கி வையுங்கள், எண்களுக்குக் கீழே இடம் இருக்கிறது என்று சொன்னேன்.